சென்னையைவிட கொழும்பு பக்கம்! ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வீடுகளுக்குள் வந்த குரல்... பி.எச்.அப்துல் ஹமீத்

மொபைலில் மேப்பைத் திறந்து, ராஜபாளையத்திலிருந்து சென்னைக்கு நேராக ஒரு கோடு போட்டுப் பாருங்கள். சுமார் 500 கிலோமீட்டர் வரும். அதே ராஜபாளையத்திலிருந்து கொழும்புக்குக் கோடு போட்டால் சுமார் 380 கிலோமீட்டர்தான்! பக்கத்தில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஏறக்குறைய இதே கணக்கு. பஸ் ஏறிப் போய்விட முடியாது என்பதால் கொழும்பு இவ்வளவு பக்கம் என்பது நமக்கு உறைப்பதே இல்லை. ஆனால், ரேடியோ அலைக்கு டிக்கெட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. மீடியம் வேவ் அலை தரை மேல் போகும்போது சீக்கிரம் தேய்ந்துவிடும். உப்புத் தண்ணீர் மேல் போகும்போது அவ்வளவு தேயாது. கொழும்பிலிருந்து ராஜபாளையத்துக்கு வரும் அந்தக் கோட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு மன்னார் வளைகுடாக் கடல். தூத்துக்குடி பக்கம் கரையேறிய பிறகு நூறு கிலோமீட்டர் சொச்சம்தான் தரை. பொழுது சாய்ந்துவிட்டால் வானத்தின் மேலடுக்கிலும் அலை பட்டுத் திரும்பி இன்னும் தூரம் போகும். அதனால்தான் தென் மாவட்டங்களில் சென்னை நிலையம் கரகரத்த நேரத்திலும் கொழும்பு தெளிவாகப் பாடிக்கொண்டிருந்தது.

அறுபது வயதைத் தாண்டிய ராஜபாளையத்துக்காரர், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் யாரிடமாவது ரேடியோ பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம் என்று வரிசையாகப் பெயர்கள் வரும். கூடவே ஒரு பெயர் கட்டாயம் வரும். பி.எச்.அப்துல் ஹமீத்!

மற்ற மூவரும் அவர்களுக்குக் கடைசிவரை குரல்தான். ஹமீத் மட்டும் டி.வி-க்குள் முகத்தோடு வந்தார். தாத்தா, பாட்டிக்கு ரேடியோ அறிவிப்பாளராகவும், நைன்ட்டீஸ் கிட்ஸுக்கு சன் டி.வி தொகுப்பாளராகவும் அறிமுகமானவர். ஒரே வீட்டில் மூன்று தலைமுறைக்குத் தெரிந்த தொகுப்பாளர்கள் தமிழில் எத்தனை பேர் இருப்பார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கேஸ்கரின் தடையும் கொழும்பின் யோகமும்

இலங்கை வானொலியின் வயது பெரிது. 1925 டிசம்பரிலேயே கொழும்பில் ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப்போரின்போது மவுன்ட்பேட்டனின் நேசப்படைகளுக்காக அங்கே சக்திவாய்ந்த டிரான்ஸ்மிட்டர்கள் நிறுவப்பட்டன. போர் முடிந்ததும் அவை இலங்கைக்குக் கிடைக்க, ‘ரேடியோ சிலோன்’ தெற்காசியாவின் பெரிய குரலாக மாறியது. 1950-ல் வர்த்தக சேவையும் வந்தது.

அடுத்த யோகம் டெல்லியிலிருந்து வந்தது. 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்புத்துறை அமைச்சரான பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தவர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்கள் ஒதுக்கப்பட்டன. ரசிகர்கள் என்ன செய்வார்கள்? ரேடியோ முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். அதே 1952-ல்தான் ரேடியோ சிலோனில் அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ தொடங்கி வட இந்தியாவைக் கட்டிப்போட்டது. தெற்கே தமிழ் நிகழ்ச்சிகளோடு எஸ்.பி.மயில்வாகனம் வந்தார். தப்பை உணர்ந்து இந்திய அரசு 1957 அக்டோபரில் ‘விவித் பாரதி’யைத் தொடங்குவதற்குள், கொழும்புக்காரர்கள் தமிழ்நாட்டில் வீட்டு மனிதர்கள் ஆகிவிட்டார்கள்.

ரேடியோ வைத்திருக்க தபால் ஆபீஸில் லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்த காலம் அது. எல்லார் வீட்டிலும் பெட்டி இருக்காது. இருக்கிற வீட்டுத் திண்ணையிலும், டீக்கடை பெஞ்சிலும் கூட்டம் இருக்கும். 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியதிலிருந்தே ராஜபாளையம் நூற்பாலை ஊர். மில் சங்கு ஊதும் நேரத்தை வைத்துத்தான் வீட்டில் உலை வைப்பார்கள். சங்குக்கு அடுத்தபடி மணி சொன்னது இலங்கை வானொலி. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ ஓடினால் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப வேண்டும் என்று அர்த்தம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவுக்குப் பால் சுண்டக் காய்வதற்கு மணிக்கணக்காகும். கிண்டுகிற கைக்கு வேலை இருக்கும், காதுக்கு இருக்காது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்களுக்குத்தான் கொஞ்சம் கஷ்டம். விசைத்தறிச் சத்தத்தை மீறி ரேடியோவை அலறவிட வேண்டும்!

நாடகத்திலிருந்து மைக்குக்கு

அப்துல் ஹமீத் கொழும்பின் தெமட்டகொடையில் பிறந்தவர். வசதியான குடும்பம் கிடையாது. சின்ன வயதிலேயே சிறுவர் நிகழ்ச்சி மூலமாக வானொலி நிலையத்துக்குள் நுழைந்தார். பிறகு வானொலி நாடகங்களில் நடித்தார். அறுபதுகளின் பிற்பகுதியில் அறிவிப்பாளர் நாற்காலி கிடைத்தது. அப்போது ரேடியோ சிலோன், கூட்டுத்தாபனமாக மாறியிருந்தது. ‘இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்’... இந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமலே அதை ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய குழந்தைகள் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கில் இருந்திருப்பார்கள்.

நாடகம் வழியாக வந்தது முக்கியமான விஷயம். ராஜேஸ்வரி சண்முகமும் அப்படி வந்தவர்தான். வானொலி நாடகத்தில் முகபாவம் உதவாது, உடையும் உதவாது. கோபம், குறும்பு, அழுகை எல்லாமே குரலில் தெரிய வேண்டும். மூச்சு வாங்குவது மைக்கில் விழக்கூடாது. ஒரு சொல்லுக்கு எவ்வளவு அழுத்தம், அடுத்த சொல்லுக்கு முன் எவ்வளவு இடைவெளி என்று உடம்பு பழகிவிடும். அந்தப் பழக்கத்தோடு வந்தவர்கள் பாட்டை அறிவிக்க உட்கார்ந்தபோது, படத்தின் பெயரும் கவிஞரின் பெயரும்கூட கேட்க சுகமாக இருந்தன.

அந்தக் காலத்தில் இலங்கையில் சக்கைப்போடு போட்ட வானொலி நாடகம் ‘கோமாளிகளின் கும்மாளம்’. அதையே 1976-ல் ‘கோமாளிகள்’ என்று சினிமாவாக எடுத்தார்கள். எஸ்.ராம்தாஸ், டி.ராஜகோபால், எஸ்.செல்வசேகரன் ஆகியோரோடு ஹமீத்தும் நடித்தார். கோடம்பாக்கத்துப் படங்களோடு மோத வேண்டிய நிலையில் இருந்த இலங்கைத் தமிழ் சினிமாவில், ஓடிய படங்களில் அதுவும் ஒன்று.

அறிவிப்பாளர்களுக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு பாணி. கே.எஸ்.ராஜா மின்னல். பாட்டின் முன்னிசை முடிந்து பாடகர் வாய் திறக்கும் நொடிக்குச் சரியாக முன்னால் பேச்சை முடித்து, கேட்பவரை அசர வைப்பார். ஹமீத் நிதானம். ஒவ்வொரு சொல்லும் முழுசாக முளைத்து, முழுசாக முடியும். ‘ல’, ‘ள’, ‘ழ’ மூன்றும் அவர் வாயில் மூன்று தனித்தனி எழுத்துகள். ‘வாளப்பளம்’ என்று கூசாமல் சொல்லும் நம் தென் மாவட்டங்களில் இது சின்ன விஷயம் கிடையாது. அதிலும் ராஜபாளையத்தில் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்கள் கணிசம். அவர்களுக்கு வாத்தியாரிடம் கேட்ட தமிழுக்கு அடுத்தபடியாக, நாள்தோறும் காதில் விழுந்த திருத்தமான தமிழ் கொழும்பிலிருந்து வந்ததுதான்.

அது எந்த ஊர்த் தமிழ் என்று யோசித்தால் சுவாரஸ்யமாக இருக்கும். யாழ்ப்பாணத்துப் பேச்சு கிடையாது. கொழும்பு முஸ்லிம் வீடுகளின் பேச்சும் கிடையாது. சென்னைப் பேச்சோ, மதுரைப் பேச்சோகூட கிடையாது. மேடைத் தமிழ் போல விறைப்பாகவும் இருக்காது. யாழ்ப்பாணம், மலையகம், மட்டக்களப்பு, தூத்துக்குடி, ராஜபாளையம் என்று எங்கே கேட்டாலும் நம்ம தமிழ் என்று தோன்றக்கூடிய ஒரு பொதுத் தமிழ். அறிவிப்பாளர்கள் எல்லாருமாகச் சேர்ந்து உருவாக்கிய அந்தத் தமிழை, மற்றவர்கள் போன பிறகும் நீண்ட காலம் மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் ஹமீத்.

குறில் வேறு, நெடில் வேறு!

ஹமீத் என்றாலே ‘பாட்டுக்குப் பாட்டு’. ஒருவர் பாட, அவர் நிறுத்திய எழுத்தில் அடுத்தவர் பாட வேண்டும். இது புதுசு ஒன்றும் இல்லை. திண்ணையிலும் ரயில் பயணத்திலும் நாம் ஆடிய ஆட்டம்தான். வடக்கே அதற்கு அந்தாக்ஷரி என்று பெயர். அந்த வீட்டு விளையாட்டை வானொலி நிகழ்ச்சியாக்கி, அதற்குச் சட்டதிட்டம் போட்டு, தான் நடுவராக உட்கார்ந்தார் ஹமீத்.

வீட்டில் ஆடும்போது நாம் செய்யும் தில்லுமுல்லு எல்லாம் அவரிடம் நடக்காது. ‘க’ கொடுத்தால் ‘கா’வில் பாட முடியாது. குறில் வேறு, நெடில் வேறு. பல்லவியை முணுமுணுத்துவிட்டு நடுவில் ‘லாலலா’ போட்டு ஒப்பேற்ற முடியாது. வரிகள் சரியாக இருக்க வேண்டும், நேரம் போய்க்கொண்டே இருக்கும். தமிழில் ‘ழ’விலும் ‘ள’விலும் ‘ண’விலும் சொல்லே தொடங்காது என்பதை இலக்கண வகுப்பில் படித்து மறந்தவர்கள், இந்த ஆட்டம் ஆடும்போதுதான் மறுபடி கண்டுபிடிப்பார்கள்!

போட்டியாளர் தோற்றுப்போகும் அந்த நொடியில் ஹமீத் என்ன செய்வார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். கிண்டல் இருக்காது. பாதியில் நின்ற பாட்டின் அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பார். அது எந்தப் படம், யார் எழுதியது, யார் இசை என்று சொல்வார். தோற்றவர்கூட ஏதோ தெரிந்துகொண்ட திருப்தியோடு போவார். இன்று ரியாலிட்டி ஷோக்களில் போட்டியாளர் சறுக்கியதும் தொகுப்பாளர் விழுந்து விழுந்து சிரிப்பதும், அதற்குப் பின்னணி இசை போடுவதும் வாடிக்கை. அதைப் பார்த்து வளர்ந்த 2கே கிட்ஸ், பழைய ‘பாட்டுக்குப் பாட்டு’ எபிசோடு ஒன்றைத் தேடிப் பார்த்தால் முதலில் கொஞ்சம் ஸ்லோவாகத்தான் தெரியும். ஐந்து நிமிஷம் பொறுத்தால், ‘அடுத்து என்ன பாட்டு பாடலாம்?’ என்று அவர்கள் மூளையும் தானாக ஓட ஆரம்பித்துவிடும்.

பாடலாசிரியர் பெயரைச் சொல்லும் பழக்கமும் இலங்கை வானொலி கொடுத்த சொத்துதான். கண்ணதாசன் பாட்டு எது, வாலி பாட்டு எது, மருதகாசி பாட்டு எது என்று பந்தயம் கட்டிச் சண்டை போட்ட தலைமுறை, அந்தத் தகவல்களைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அறிவிப்பாளர் சொல்லித்தான் தெரிந்துகொண்டது.

குரல்கள் சிதறிய காலம்

1983 ஜூலைக் கலவரம் இலங்கைத் தமிழர் வாழ்க்கையைப் புரட்டிப்போட்டது. வானொலி நிலையம் மட்டும் தப்புமா? அறிவிப்பாளர்கள், நாடகக் கலைஞர்கள், எழுத்தாளர்கள் என்று பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். பிறகு லண்டன், டொரன்டோ, பாரிஸ் நகரங்களில் தமிழ் வானொலிகள் முளைத்தபோது அங்கே கேட்ட குரல்களில் சில, பழைய கொழும்புக் குரல்கள்.

1989-ல் கே.எஸ்.ராஜா கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். துப்பாக்கியைத் தொடாத, பாட்டும் சிரிப்பும் மட்டுமே கொடுத்த ஒரு மனிதர். கடலுக்கு இந்தப் பக்கம், அவர் முகத்தை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்கள் சொந்தக்காரர் போன துக்கத்தை அனுபவித்தார்கள்.

இங்கேயும் காலம் மாறியது. தூர்தர்ஷன் வந்தது, டேப் ரிக்கார்டர் வந்தது. பிடித்த பாட்டுக்காக நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டிய அவசியம் போனது. கேசட் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்தால் பதிந்து தந்துவிடுவார்கள். ரேடியோ முள்ளைக் கொழும்புக்குத் திருப்புகிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்தார்கள்.

ஹமீத் கொழும்பிலேயே இருந்தார். சிங்களவர்கள் அதிகம் வாழும் நகரத்தில், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் கலைஞராக, போர்க் காலம் முழுவதையும் தாண்டி வந்தார். அரசியல் மேடையைத் தேடாமல் தமிழையும் பாட்டையும் மட்டும் பிடித்துக்கொண்டார். அது சுலபமாக இருந்திருக்காது. எந்தப் பக்கம் நின்றாலும் இன்னொரு பக்கம் கேள்வி கேட்கும் ஊர், காலம். அப்படியும் யாழ்ப்பாணத்துக்காரர், மலையகத்துக்காரர், கிழக்கு மாகாண முஸ்லிம், தமிழ்நாட்டுக்காரர் என எல்லாரும் அவரை ‘நம்ம ஹமீத்’ என்றார்கள்.

‘ஓ... இவர்தானா அவர்?’

1993-ல் சன் டி.வி வந்தது. அதே வருஷம் ஜீ டி.வி-யில் ‘அந்தாக்ஷரி’ தொடங்கி இந்தி ரசிகர்களைப் பிடித்தது. தமிழில் அப்படி ஒரு நிகழ்ச்சி என்றால் அதை நடத்த யாரைக் கூப்பிடுவது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ‘லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு’ சன் டி.வி-யில் ஒளிபரப்பானது. கோட் சூட்டோடு, கையில் மைக்கோடு அப்துல் ஹமீத்!

அதுவரை குரலாக மட்டும் தெரிந்தவர்களுக்கு அது விசித்திரமான அனுபவம். குரலை வைத்து ஆளுக்கொரு முகத்தைக் கற்பனை செய்து வைத்திருப்பார்கள் இல்லையா? அதோடு நிஜ முகத்தை ஒட்டவைக்கக் கொஞ்ச நேரம் ஆகும். ஆனால், வாயைத் திறந்து ‘நேயர்களே’ என்றதும் சந்தேகம் தீர்ந்துவிடும். குழந்தைகளுக்கு அவர் புது மாமா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அவர் பழைய சிநேகிதர்.

டி.வி-க்கு வந்த பிறகும் அவர் ரேடியோவை விடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கேமரா இருக்கிறதே என்று கையைக் காலை ஆட்டிப் பேசவில்லை, ஆங்கிலத்தைக் கலக்கவில்லை. தனியார் சேனல்கள் வந்த புதிதில் தமிங்கிலம்தான் ஸ்டைல் என்று பல தொகுப்பாளர்கள் நினைத்த காலத்தில், முழுத் தமிழில் பேசும் ஒருவரின் நிகழ்ச்சியைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தார்கள். தமிழில் பேசினால் நிகழ்ச்சி எடுபடாது என்ற சாக்கை உடைத்ததற்காகவே அவருக்கு ஒரு பூங்கொத்து கொடுக்கலாம்.

பொதுத் தமிழ் பேசியே பேர் வாங்கிய இந்த மனிதருக்கு நேர் எதிரான வேலை ஒன்றும் வந்தது. 2000-ல் வெளியான ‘தெனாலி’யில் கமல்ஹாசன் இலங்கைத் தமிழராக நடித்தார். அந்தப் பேச்சு வழக்கைப் பழக அவர் உதவி கேட்டது ஹமீத்திடம்தான். மைக் முன்னால் வட்டார வழக்கை ஒதுக்கி வைத்தே நாற்பது வருஷத்தை நெருங்கிக்கொண்டிருந்தவர், ஒரு நடிகருக்கு வட்டார வழக்கைச் சொல்லிக் கொடுத்தார். காது கூர்மையாக இருந்தால்தான் இரண்டும் முடியும். எந்தச் சொல் எந்த ஊரில் எப்படி வளையும் என்று தெரிந்தவரால்தான் அதை வளைக்காமலும் பேச முடியும்.

டி.வி-யோடு மேடையும் சேர்ந்துகொண்டது. தமிழர்கள் குடியேறிய நாடுகளில் எல்லாம் இசை நிகழ்ச்சிகளைத் தொகுத்து வழங்க அவரை அழைத்தார்கள். கொழும்பை விட்டுப் போன நேயர்கள் அங்கே முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஐம்பது வருஷத்துக்கும் மேலான இந்தப் பயணத்தை ‘வானலைகளில் ஒரு வழிப்போக்கன்’ என்ற தலைப்பில் அவரே புத்தகமாக எழுதியிருக்கிறார்.

மீடியம் வேவ் பிடிக்கிற பெட்டிகள் இப்போது ராஜபாளையம் வீடுகளில் பரணில்தான் இருக்கும், அதுவும் எடைக்குப் போடாமல் இருந்தால். ஆனால், அந்தக் காலத்தில் ரேடியோ பக்கத்தில் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிந்த கேசட்டுகளை யாரோ புண்ணியவான்கள் யூடியூபில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் எழுபது வயதுக்காரர் யாராவது இருந்தால், சொல்லாமல் கொள்ளாமல் ஒன்றைப் போட்டுவிட்டுப் பாருங்கள். பாட்டு வருவதற்கு முன்னாலேயே ‘இது ஹமீத் குரலாச்சே!’ என்பார்.